டோக்கன் எண் 64

ஔலு நகரத்தில் நவம்பர்.
மூன்று மணிக்கே கடையடைத்துவிடும் வெளிச்சம்.

பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறேன், பதினெட்டு வருடமாக.
எந்தச் சந்து எங்கே போய் முட்டும்,
எந்த வளைவில் பனி தேங்கும்,
யார் வீட்டுத் தபால்பெட்டி
தெருவுக்குள் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்கும்,
எல்லாம் அத்துப்படி.
மருந்துக்கடையில் டோக்கன் கிழித்துக்கொண்டு நின்றபோது
ஒரே ஓர் இடத்துக்கு மட்டும்
வாயில் பெயர் வரவில்லை.

அறுபத்து நான்கு.
கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பையன்.
ஈலிஸ் என்று சட்டையில் குத்தியிருந்தது.

வைட்டமின் டி, என்றேன்.
எடுத்து வைத்தான்.
அப்புறம், என்றேன்.
காத்திருந்தான்.
வைட்டமின் டி, என்றேன்.
இரண்டாவது புட்டியும் வந்தது.
"இந்தக் குளிர்காலம் நீளம்தான்" என்றான், மரியாதையாக.

பின்னால் அறுபத்தைந்து இருமினார்.

சொல்ல வந்தது வேறு.
விலக்கு நின்று இரண்டு வருடம்.
இரவு முழுக்க இருக்கை அதிர்கிறது,
ஒவ்வோர் அதிர்வுக்கும்
உள்ளே உப்புத்தாள் உரசுகிறது.
தைஸ்தோ என் பக்கம் திரும்பிப் படுத்தால்
நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிறேன்.
மார்ச்சில் தலைவலி என்றேன். ஏப்ரலில் முதுகு.
மே மாதம் தோள்பட்டை.
பொய் சொல்ல
உடம்பில் இனி உறுப்பு மிச்சமில்லை.

கூடையிலிருந்ததை மேசைமேல் கவிழ்த்தேன்:
குருதிநெல்லி மாத்திரை,
வைட்டமின் ஈ,
நல்ல கிருமிகள் ஒரு டப்பா, ஆயிரம் கோடியாம்,
ஒன்றுக்கும் ஓட்டுப்போடும் வயதில்லை.
தூர்னி எண்ணெய்க் குப்பி.
எல்லாம் சேர்த்துத் தொண்ணூற்று நான்கு யூரோ.

கையிலுள்ள சீட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.
காது மடல் சிவந்தது. அவனுக்கா, எனக்கா,
கண்ணாடியில் சரியாகத் தெரியவில்லை.
"யாருக்கு?"
வண்டிக்கு, என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.
"உறைந்துவிட்டதா, காய்ந்துவிட்டதா?"
காய்ந்துவிட்டது.

குருதிநெல்லியை ஓரம் தள்ளினான்.
"அது சிறுநீர்ப் பாதைக்கு. வேறு தெரு.
அங்கேயும் வேலை செய்கிறதா என்று
இன்னும் வாதம் முடியவில்லை."
வைட்டமின் ஈ: "பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்."
கிருமிகள்: "நல்லவைதான்.
ஆனால் வீடு காய்ந்து கிடந்தால்
குடிவந்தவர்கள் தங்குவார்களா, தெரியாது."
தூர்னி மட்டும் மேசையில் நின்றது.
"மூன்று மாதம் ஆகும். சிலருக்குக் கேட்கிறது.
எல்லோருக்கும் என்று சொன்னால் நான் பொய்யன்.
க்ரீமும் இருக்கிறது, இதைவிட நம்பகமானது,
செவிலியிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.
யோனி வறட்சி
பரவலாக வருவதுதான்."

முழங்கை என்று சொல்வதுபோல் சொன்னான்.
கூரை இடியவில்லை.
அறுபத்தைந்துக்கு இருமல்கூட வரவில்லை.

ஐம்பத்து நான்கு வருடம்
என்னோடு நடந்த இடம் அது.
ஒரு பிள்ளைக்கு வழிவிட்ட இடம்.
பெயர் வைத்துக் கூப்பிட்டது
இருபத்தைந்து வயதுப் பையன்,
ஏப்ரன் போட்டுக்கொண்டு.

தூர்னி எனக்குப் புதிதில்லை.
ஹைலுவோட்டோ தீவின் கரையில்
செப்டம்பர் தோறும் கைகிழித்துக்கொண்டு பறிப்பேன்.
முள்ளுக்கு நடுவே ஆரஞ்சு மணி.
தொட்டாலே உடையும், அவ்வளவு சாறு.
கிளையோடு வெட்டி, உறையவைத்து, உதிர்க்க வேண்டும்.
எங்கள் உறைபெட்டியில் இரண்டு வாளி கிடக்கிறது,
கஞ்சியில் போட.
அதன் எண்ணெய்க்குக் காசு கொடுத்துவிட்டு
இரண்டு புட்டி வைட்டமின் டியோடு வெளியே வந்தேன்.
ஒன்றைத் திருப்பிக் கொடுக்க வெட்கம்.

இரவு இரண்டு மணி. புதுப் பனி.
கலப்பையை இறக்கினேன்.
குப்பியிலிருந்து ஒரு மாத்திரை,
சாலைவிளக்கின் நிறம்,
ஆறிய காப்பியோடு விழுங்கினேன்.
எஞ்சின் இரைச்சலில் யாருக்குக் கேட்கப்போகிறது?
அந்தச் சொல்லை உரக்கச் சொன்னேன்.
இன்னொரு முறை. பிறகு
தெருப்பெயர் அறிவிக்கிற குரலில்.

ரேடியோ கரகரத்தது.
"ஏழாம் வண்டி, மைக் திறந்திருக்கிறது."
கட்டுப்பாட்டு அறையில் ஹெல்கா.
என்னைவிட இரண்டு வயது மூத்தவள்.

நான் பேசவில்லை. அவளும்.
துடைப்பான் ஏழெட்டு முறை போய்வந்தது.

"எந்த மருந்துக்கடை?" என்றாள்.

கடையைச் சொன்னேன். தெருவைச் சொன்னேன்.
காலையில் போகாதே, என்றேன்.
அந்தப் பக்கம் நான் இன்னும் தள்ளவில்லை.